நேர்மையான தேர்தலும் அரசியல் சட்டத் திருத்தமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் தேர்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று நம்முள் சிலர் கருதக்கூடும். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குக் கட்டடம் வருவதும், விடுதி மாணவருக்கு உணவுப் படி உயர்வதும், நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வருவதும், இடுகாட்டுக்குப் பாதை அமைவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிலேயே முடிவாகின்றன. அம்மன்றங்களில் நம் குரல் ஒலிக்க வேண்டுமாயின் தேர்தல் நேர்மையாக நடைபெற வேண்டும். அது நேர்மையாக நடைபெறாதபோது, அதனைத் திருத்தும் வழியைச் சட்டத்தில் தேட வேண்டும். சட்டத்தைத் தேடிப் படிக்கக் கல்வி வேண்டும். ஆகவே இப்பொருள் இவ்விழாவுக்குப் புறம்பானதன்று.

அரசியல் சட்டத்தைத் திருத்துவதால் நேர்மையற்ற தேர்தலைச் சீர்செய்ய இயலுமா? இயலும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. திருத்தம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. நாம் இன்று எடுத்துரைக்க விழைவது இதுதான்: சட்டம் ஒரு கதவைத் திறந்தால், அநீதி அடுத்த கதவருகே சென்று நின்றுகொள்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்வது முதல், வென்றவர் தமக்குரிய நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடுவது வரை, சட்டம் ஒவ்வொரு கதவாகப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். அது எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கே நம் வாக்கின் பயனும் நின்றுவிடுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெற்ற பாடம்

முதற்கண் அயல்நாட்டுச் சான்று ஒன்றைக் காண்போம். அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870 இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் விதித்தது. இனத்தையோ, நிறத்தையோ, முன்னாள் அடிமை நிலையையோ காரணம் காட்டி எம்மாநிலமும் வாக்குரிமையைப் பறிக்கலாகாது என்பதே அதன் சாரம். எழுத்தில் இதனினும் தெளிவான உறுதி வேறில்லை.

தென் மாநிலங்கள் என்ன செய்தன? நிறத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலே நிறத்தை விலக்கும் வழிகளைக் கண்டன. வாக்களிக்க விரும்புவோர் தலைவரி கட்ட வேண்டும் என்றன. எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்றன. அத்தேர்வில் எவரைத் தேறச் செய்வது என்பது வெள்ளை அதிகாரியின் விருப்பமாயிற்று. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே பங்கேற்கலாம் என்ற விதியும் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நிலவியது; 1944 இல்தான் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி நகரில் கறுப்பின வாக்காளர் பெருகியபோது, 1957 இல் நகர எல்லையையே மாற்றி வரைந்தனர். சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்களைக் கொண்ட கோணல் உருவமாயிற்று. 400 அளவிலிருந்த கறுப்பின வாக்காளருள் நான்கைந்து பேரைத் தவிர அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். அவர்கள் வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. 1960 இல் உச்ச நீதிமன்றம் இச்சூழ்ச்சியைக் கண்டித்தது.

1964 இல் நிறைவேறிய 24ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரித் தடையை நீக்கிற்று. 1965 இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வுகளை அது நிறுத்திவைத்தது. தேவையான இடங்களுக்கு மத்திய அரசின் பதிவாளர்களை அனுப்பியது. தவறிழைத்து வந்த பகுதிகள் வாக்களிப்பு விதிகளை மாற்ற விரும்பின் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்றது. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்களுள் அதற்கு முன்னர் 6.7 விழுக்காட்டினரே பட்டியலில் இருந்தனர். 1967 இல் அது 59.8 விழுக்காடாயிற்று. 95 ஆண்டுகள் அரசியல் சட்டத்தில் உறங்கிய ஓர் உறுதியை இரண்டே ஆண்டுகளில் நடைமுறைச் சட்டம் எழுப்பிவிட்டது. ஆயினும், எப்பகுதிகளுக்கு முன் ஒப்புதல் பொருந்தும் என வகுத்திருந்த பிரிவை 2013 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அதனுடன் முன் ஒப்புதல் முறையும் செயலற்றுப் போயிற்று.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற சொல் வேர். அதனைச் செயற்படுத்தும் அதிகாரம் கிளை. வேர் இன்றிக் கிளை இல்லை. கிளை இன்றி வேரினால் நிழல் இல்லை. இஃது ஒன்று. பெற்ற காப்பு என்றும் நிலைத்திருக்கும் எனக் கண்ணயர்வோர் அதனை இழப்பர் என்பது மற்றொன்று.

பட்டியலில் பெயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் கல்வியையும் அளவுகோலாகக் கொண்டிருந்தது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட நம் முன்னோர்க்கு அவ்வளவுகோலே வேலியாயிற்று. 1919 இல் சவுத்பரோ குழுவின் முன் சான்றளித்த இளைஞர் அம்பேத்கர், தீண்டப்படாதாருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதிட்டார். 1928 இல் சைமன் குழுவின் முன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். இன்று 326ஆவது விதியாக அரசியல் சட்டத்தில் நிற்பது அக்கோரிக்கையே. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாக்கி எவரையும் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்பதும், தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல் என்பதும் 325ஆவது விதி.

பட்டியலைத் தயாரிப்பவர் யார் என்பதிலும் அம்பேத்கர் விழிப்பாக இருந்தார். மாகாணத் தேர்தல்களை மாகாண ஆணையங்களே நடத்தட்டும் என்பதே முதலில் வரைவில் இருந்த ஏற்பாடு. 1949 ஜூன் 15 அன்று அதனை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் என்ற திருத்தத்தை அவர் முன்மொழிந்தார். இனத்தாலும் மொழியாலும் பண்பாட்டாலும் வேறுபட்டோரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாமெனச் சில மாகாணங்களில் அறிவுறுத்தப்படுவதாக வந்த செய்திகளே அதற்குக் காரணம் என அவையில் விளக்கினார். இன்றைய 324ஆவது விதி இங்ஙனம் பிறந்தது. பட்டியலில் நிகழக்கூடிய அநீதியைத் தடுக்கவே அரசியல் சட்டம் அவ்வாணையத்தைப் படைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கதவு இன்றும் காவல் வேண்டுவதே. 2025 இல் பீகாரில் நடந்த பட்டியல் திருத்தத்தில், ஆகஸ்டில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் எனக் காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்டோர் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் பருவந்தோறும் ஊர்விட்டு ஊர் செல்லும் மக்கள் நம்மவருள் மிகுதி. கதவு பூட்டியிருந்த வீட்டில் ஆள் இல்லை என எழுதிவிடுவது எளிது. ஆகவே, முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி ஒரு பெயரும் நீக்கப்படலாகாது என்னும் காப்பு விதிகளில் மட்டும் இருத்தல் போதாது. அது 326ஆவது விதியின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும் என்பது நம் முதற் கருத்து.

நம் பிரதிநிதியைத் தெரிவுசெய்வோர் யார்?

அடுத்த கதவு தனித்தொகுதி. 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு நம் மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளில் 71 இடங்களை அளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாண மன்றங்களில் 148 இடங்களை அளித்தது. சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால், தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. முதற்கட்டத்தில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவுசெய்வர். இறுதியில் அனைத்து வாக்காளரும் அந்நால்வருள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். முதற்கட்டத்தில் நம் மக்கள் முதலாவதாக நிறுத்தியவரை இறுதியில் பிறர் நான்காவதாகத் தள்ளிவிட இயலும் என்பதே அம்முறையின் குறை. இடங்கள் பெருகின, தெரிவுசெய்யும் உரிமை சுருங்கிற்று.

இக்குறையை நீக்க அரசியல் நிர்ணய சபையிலேயே ஒரு முயற்சி நடந்தது. 1947 ஆகஸ்டில் நாகப்பா என்னும் உறுப்பினர், ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்பவர் தம் சமூகத்தார் அளிக்கும் வாக்குகளில் 35 விழுக்காட்டையேனும் பெற்றிருக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் ஒரு பொது இடமும் ஓர் ஒதுக்கீட்டு இடமும் கொண்ட இரட்டை உறுப்பினர் தொகுதிகள் அமைந்தன. அவ்வாறான வடக்கு பம்பாய்த் தொகுதியில் 1952 இல் அண்ணல் அம்பேத்கரே தோற்றார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரை அச்சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தல் மக்களவைக்கு வெளியே நிறுத்திற்று.

இரட்டைத் தொகுதியில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1957 இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் ஓர் இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்குப் பழங்குடி வேட்பாளர் இருவர் மிகுதியான வாக்குகளைப் பெற்று இரண்டு இடங்களையும் வென்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி தோற்றார். ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பித்தவர் பொது இடத்தைப் பெறலாகாது என்று அவர் வழக்குத் தொடுத்தார். மிகுதியான வாக்கு பெற்றவர் எச்சமூகத்தவராயினும் பொது இடத்துக்கு உரியவரே என்று 1959 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளில், 1961 இல், இரட்டைத் தொகுதி முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொகுதிகள் மிகப் பரந்தவை, செலவு மிகுதி எனக் காரணங்கள் கூறப்பட்டன. காரணம் எதுவாயினும், பொது இடத்திலும் நம்மவர் வெல்லக்கூடிய வழி ஒன்று அத்துடன் அடைபட்டது.

2008 ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பின்படி மக்களவையில் 84 இடங்களும், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 இடங்களும் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. இத்தொகுதிகளிலும் வாக்காளருள் பெரும்பான்மையினர் பிறரே. ஆகையால், நம் துயரை உரத்துப் பேசுபவரைவிட எவருக்கும் மனக்கசப்பு உண்டாக்காதவரைக் கட்சிகள் நிறுத்த விரும்புவது இயல்பாகிறது. 1955 இல் அம்பேத்கரின் அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பே சட்டமன்ற ஒதுக்கீடு வேண்டாமெனத் தீர்மானித்ததை நாம் நினைவுகூர வேண்டும். அது நம் உரிமையை விட்டுக்கொடுத்த தீர்மானமன்று; பெயரளவிலான பிரதிநிதித்துவத்தின்மேல் எழுந்த சலிப்பு.

அண்டை நாடான நேபாளம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2015 இன் அரசியல் சட்டம், பிரதிநிதிகள் சபையின் 275 இடங்களில் 165 இடங்களைத் தொகுதித் தேர்தலுக்கும் 110 இடங்களைக் கட்சிகள் பெறும் வாக்குவீதத்துக்கும் பகிர்ந்தது. வாக்குவீதப் பட்டியலில் தலித்துகளுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு உண்டு. உள்ளாட்சியில் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதித்ததால், 2017 தேர்தலில் 6,500 க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கும் தொகுதித் தேர்தலில் வென்ற தலித்துகள் மிகச் சிலரே. நம் நாட்டிலும் 1999 இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் பட்டியல் முறையைப் பகுதியளவில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இஃது ஆராயத்தக்கது.

ஊராட்சித் தலைவர் நாற்காலி

மூன்றாவது கதவு நம் ஊரிலேயே உள்ளது. 1992 இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், ஊராட்சிகளில் மக்கள்தொகைக்கு ஏற்ப நமக்கு இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. மாநிலத் தேர்தல் ஆணையத்தைப் படைத்தது. நூற்றாண்டுகளாகச் சாவடித் திண்ணையில் ஏறவும் உரிமையற்றிருந்தோர் ஊராட்சி மன்றத்தின் தலைமை இருக்கையில் அமர வழி பிறந்தது. அரசியல் சட்டத் திருத்தத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று நம் நாட்டில் அரிது.

ஆனால் நடந்தது என்ன? 1996 இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கு ஒரு தலைவரும் நிலைத்துப் பணியாற்ற இயலவில்லை. சில வேளைகளில் வேட்புமனு அளிக்கவே எவரும் முன்வரவில்லை. சில வேளைகளில் ஆதிக்கச் சாதியார் தாமே நிறுத்திய ஒருவர் வென்று உடனே பதவி விலகினார். வாக்குச்சாவடி இருந்தது, பெட்டி இருந்தது, அதிகாரி இருந்தார். தேர்தல் மட்டும் இல்லை. 2006 அக்டோபரில் அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர் மக்களுடன் பேசி, போதிய காவலும் அளித்த பின்னரே அங்குத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அவ்விடையில் அரசியல் சட்டத்தின் ஒரு சொல்லும் மாறவில்லை. அரசின் உறுதிதான் மாறிற்று.

மேலவளவில் நிகழ்ந்ததோ ஆறாத புண். ஒதுக்கப்பட்ட அவ்வூராட்சியில் மனு அளித்தவர்கள் முதலில் அச்சுறுத்தலால் விலகினர். பின்னர் 1996 இறுதியில் முருகேசன் வென்று தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில் அவரும் உடன் வந்தோருமாக அறுவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001 இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. போட்டியிடும் உரிமையை அளித்த சட்டம், போட்டியிட்டு வென்றவரின் உயிருக்குக் காவல் நிற்கவில்லை.

இன்று வாளைவிட அமைதியான வழிகள் கையாளப்படுகின்றன. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் நம் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் சுதந்திர நாளில் தேசியக்கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே கண்டது. தமிழ்நாட்டில் ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்பது ஏற்பாடு. தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்கு உரியது; துணைத் தலைவர் பதவியோ உறுப்பினர் தமக்குள் தெரிவுசெய்வது. துணைத் தலைவர் கையொப்பமிட மறுப்பின், தலைவர் இருந்தும் இல்லாதவராகிறார். 243ஜி விதி ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளிப்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அரசியல் சட்டம் நாற்காலி வரை நம்முடன் வந்து, எழுதுகோல் வரை வரவில்லை.

காலத்தில் தேர்தல் நடத்தாமையும் அநீதியே. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பின், ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். எஞ்சிய மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. அவ்விடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த மாவட்டங்களிலும் தனி அலுவலரே பொறுப்பேற்றனர். தேர்தல் இல்லாத இடத்தில் ஒதுக்கீட்டுக்கு ஏது பொருள்?

நடுவரும் ஆட்டமும்

நடுவர் ஒரு பக்கத்தாரால் நியமிக்கப்படின் ஆட்டத்தில் நம்பிக்கை பிறவாது. 1949 ஜூனில் சிப்பன்லால் சக்சேனா, தலைமைத் தேர்தல் ஆணையரின் நியமனம் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரு பங்கு ஒப்புதலைப் பெற வேண்டும் என்றார். பதவிக்குக் காப்பு அளித்தும், தகுதியற்ற ஒருவரோ ஆட்சியாளரின் கைப்பாவையோ நியமிக்கப்படுவதைத் தடுக்க ஏற்பாடு இல்லையெனின் பயனில்லை என்பதை அம்பேத்கர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அக்குறை அரசியல் சட்டத்தில் நிரப்பப்படவில்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் கொண்ட குழுவின் அறிவுரைப்படி நியமனம் நிகழ வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டமோ தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் பரிந்துரைக்கும் மத்திய அமைச்சரை அமர்த்தியது. மூவருள் இருவர் ஆளுங்கட்சியினராயினர். மாநிலத் தேர்தல் ஆணையர் நிலை இன்னும் மெலிந்தது. கோவாவில் சட்டத்துறைச் செயலாளரையே அப்பொறுப்பில் அமர்த்தியதை 2021 இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

திருத்தம் என்ற பெயரில் வருவன எல்லாம் நன்மையல்ல என்பதையும் இவ்விடத்தில் கூற வேண்டும். 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமரின் தேர்தலைச் செல்லாதென்றது. ஆகஸ்டில் 39ஆவது திருத்தம் பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அப்பாற்படுத்தியது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதியைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1978 இன் 44ஆவது திருத்தம் அவ்விதியை அறவே நீக்கிற்று. ஆகவே, ஒரு திருத்தம் வரும்பொழுது, அது யாருடைய கையைக் கட்டுகிறது, யாருடைய கையை அவிழ்க்கிறது என்று கேட்க நம் இளைஞர்கள் பழக வேண்டும்.

நாம் கோர வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நம் கோரிக்கைகளைத் தொகுப்போம். அரசியல் சட்டத்தில் எழுதப்பட வேண்டியவை நான்கு. விசாரணையின்றிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கலாகாது என்பது ஒன்று. தேர்தல் ஆணையர்களையும் மாநிலத் தேர்தல் ஆணையர்களையும் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத குழு தெரிவுசெய்ய வேண்டும் என்பது இரண்டு. ஊராட்சிக்கும் அதன் தலைவருக்கும் உரிய அதிகாரங்கள் மாநிலத்தின் விருப்பமாக இன்றிக் கட்டாயமாக வேண்டும் என்பதும், காலத்தில் தேர்தல் நடத்தாத அரசு விடையிறுக்க வேண்டும் என்பதும் மூன்று.

நான்காவது, காலக்கெடு பற்றியது. 334ஆவது விதி சட்டமன்ற ஒதுக்கீட்டை முதலில் பத்தாண்டுகளுக்கே வகுத்தது. பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, 2019 டிசம்பரில் நிறைவேறிய 104ஆவது திருத்தத்தால் 80 ஆண்டுகளாயிற்று. அக்கெடு 2030 ஜனவரியில் முடிகிறது. பலரும் அறியாதது ஒன்றுண்டு: 243டி விதியின் ஐந்தாம் உட்பிரிவின்படி, 334ஆவது விதியின் காலம் முடியும்போது ஊராட்சிகளில் நமக்குரிய ஒதுக்கீடும் முடிந்துவிடும். சட்டமன்றத்தில் 44 இடங்கள் மட்டுமன்று, ஊர்தோறும் உள்ள தலைவர் பதவிகளும் வார்டுகளும் அந்த ஒரு தேதியைச் சார்ந்துள்ளன. 2029 முடிவதற்குள் நாடாளுமன்றம் முடிவெடுத்தாக வேண்டும். நீட்டிப்பை மட்டும் கேட்டுப் பெற்று அமைவதா, ஊராட்சி ஒதுக்கீட்டை அக்கெடுவினின்று விடுவித்து, தெரிவுமுறையையும் சீர்செய்யக் கோருவதா என்பதை நம் சமூகம் இப்போதே விவாதிக்க வேண்டும். இரண்டாவதே வேண்டும் என்பது நம் எண்ணம்.

அரசியல் சட்டத்தைத் தொடாமலே செய்யத்தக்கவையும் உள. கூட்டுக் கையொப்ப ஏற்பாட்டை மாநில அரசே மாற்றலாம். நம் தெருவுக்குத் தனி வாக்குச்சாவடி அமையும்போது, அச்சாவடியின் வாக்குக் கணக்கு எவருக்கு விழுந்தது என்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழிவாங்கல் அங்கிருந்து தொடங்குகிறது. பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் கருவியை 2008 இல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. 2015 இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. இதற்கு விதித் திருத்தமே போதும்.

நம் கையில் ஏற்கெனவே உள்ள படைக்கலம் ஒன்றையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1989 இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்யப்பட்ட திருத்தம், நம்மவரை வாக்களிக்க விடாமலோ வேட்புமனு அளிக்க விடாமலோ தடுப்பதையும், மனுவைத் திரும்பப் பெறச் செய்வதையும், ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர்தம் கடமையைச் செய்ய விடாமல் அச்சுறுத்துவதையும், தேர்தலுக்குப் பின் சமூகப் புறக்கணிப்புச் செய்வதையும் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இப்பிரிவுகளை அறியாமல் பொதுப்படையாக எழுதப்படும் புகார், பொதுப்படையாகவே மூடப்படும்.

இளைஞர்களுக்கு

ஆகவே இச்சங்கத்தின் இளைஞர்களிடம் சில பணிகளை ஒப்படைக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் வாக்காளர் பட்டியலை வீடு வீடாக ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்க்கைக்குப் படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8 என்பதை வேலை தேடி வெளியூர் செல்வோர்க்கும் கற்பியுங்கள். தொகுதி எல்லைகள் மாற்றப்படும்போது மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்களுக்கு எழுத்துவடிவில் விண்ணப்பத்துடன் செல்லுங்கள். நம் ஊராட்சித் தலைவர்களுக்குக் கணக்கிலும் கோப்பிலும் துணை நில்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளுங்கள். சங்கத்தின் படிப்பகத்தில் அரசியல் சட்டத்தின் 243 தொடங்கும் பகுதியையும், 324 முதல் 334 வரையுள்ள விதிகளையும் வாரம் ஒருமுறை கூடிப் படியுங்கள். நம் தொகுதி உறுப்பினர் எவராயினும், 2030 பற்றி அவர் நிலை யாது என்று எழுதிக் கேளுங்கள்.

முந்தைய தலைமுறை நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க இச்சங்கத்தைத் தொடங்கிற்று. எழுத்தறிந்த தலைமுறை சட்டத்தின் எழுத்தை அறிந்து, அது நின்றுவிட்ட இடத்திலிருந்து அதனை நடத்திச் செல்ல வேண்டும். அப்பணிக்கு இவ்வெள்ளி விழா தொடக்கமாகட்டும்.